தீர்ப்பு வந்துவிட்டதாம், என்ன தண்டனை என்று எங்கே கேட்பது?

மலர்க்கொடி: வணக்கம். என் கணவரை அரிவாளால் வெட்டிய வழக்கில் தீர்ப்பாகிவிட்டது என்று, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நேற்று அந்த ஆள் பேருந்து நிலையத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். காவல் நிலையத்தில் கேட்டால் நீதிமன்றத்தில் கேட்கச் சொல்கிறார்கள். யாரைப் பார்ப்பது? அவசரம்.

குன்னூரான்: எந்த நீதிமன்றம் அம்மா? கோத்தகிரியா, ஊட்டி அமர்வு நீதிமன்றமா? எஃப்.ஐ.ஆர். எண்ணும் ஆண்டும் இருக்கின்றனவா?

பனிமூட்டம்: வெளியில் நடமாடுகிறான் என்றால் விடுதலைதான். சாட்சிகள் பிறழ்ந்திருப்பார்கள்.

சட்டநோக்கர்: ஊகத்தில் பதில் எழுதாதீர்கள் என்று இங்கே பலமுறை சொல்லிவிட்டேன், படிப்பவர்தான் இல்லை. பிணையில் இருந்தவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை கிடைத்து, அவர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னால், அதற்கான அவகாசம் வரை விசாரணை நீதிமன்றமே அவரைப் பிணையில் விடலாம். வெளியில் இருப்பதை வைத்துத் தீர்ப்பை அறிய முடியாது.

குன்னூரான்: நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடுங்கள். வழக்குக்கென்றே தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் வழக்கின் நிலையும் தெரியும். பிறகு நீதிமன்றத்தில் தீர்ப்பின் நகல் கேட்டு மனு போடுங்கள். தீர்ப்பால் பாதிக்கப்பட்ட எவரும் கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். சாட்சி சொல்லி முடித்தவரைத் தீர்ப்பு நாளில் யாரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் வேதனை.

கூடலூர் தம்பி: பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கா அக்கா? அப்படியானால் 15ஏ பிரிவின்படி விசாரணை நாள்களை உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். தண்டனை குறித்துப் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பனிமூட்டம்: தண்டனை குறைவென்றால் நீங்களே மேல்முறையீடு செய்யலாம்.

சட்டநோக்கர்: செய்ய முடியாது. விடுதலை, சுமத்தப்பட்டதைவிடக் குறைந்த குற்றத்துக்கான தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கு மட்டுமே பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். 2020இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. தண்டனையைக் கூட்டக் கேட்டு மேல்முறையீடு செய்வது அரசின் கையில்தான் இருக்கிறது.

பனிமூட்டம்: வெட்டுப்பட்டவருக்கு இல்லாத உரிமை அரசுக்கு மட்டும் எதற்கு?

கூடலூர் தம்பி: அந்த நியாயத்தைத் தனி இழையில் பேசுவோம். அக்கா, வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100க்கு அழையுங்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும்.

மலர்க்கொடி: கோத்தகிரி நீதிமன்றம்தான். வன்கொடுமை வழக்கு இல்லை. இரண்டு ஆண்டு தண்டனை என்று தளத்தில் இருக்கிறது. இழப்பீடு பற்றி அதில் ஒன்றும் காணவில்லை. நகல் மனு போட்டிருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.