புதுப்பிப்பு: இரண்டாவது பீப்பாய்

போன மாதம் இங்கே எழுதியிருந்தேனே, டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஜூனியர் ரோடியோவில் (சிறுவர்களுக்கான குதிரைச் சவாரிப் போட்டி) இரண்டாவது பீப்பாயைத் தட்டிவிட்டு அழுதாள் என்று. அப்புறம் என்ன ஆச்சு என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சனிக்கிழமை மறுபடி அவர்களோடு போனேன். விடியற்காலை நாலரைக்கே குதிரையை ட்ரெய்லரில் ஏற்றியாகிவிட்டது. சிறுமியின் அம்மா ஓட்டினார். இரவு வேலை முடித்து நேராக வந்த அப்பா, பின்சீட்டில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்.

பீப்பாய்ப் போட்டியில் குதிரை மேல் மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓடிவர வேண்டும். ஒன்று விழுந்தால் ஓட்ட நேரத்தில் 5 விநாடி கூடும். நூறில் ஒரு பங்கு விநாடியில் இடம் மாறும் ஆட்டத்தில் அதோடு கதை முடிந்தது. "நீ பீப்பாயைப் பார்த்தால் குதிரையும் அங்கேதான் போகும்" என்று அப்பா ஒரு மாதம் குதிரையை நடக்கவிட்டே அவளைச் சுற்ற வைத்தார். ஓடவே விடவில்லை!

இந்த முறை முழங்கால் உரச, பீப்பாய் ஆடியது. அம்மா என் கையைக் கிள்ளியே விட்டார். விழவில்லை. நான்காம் இடம். பரிசுப் பணம் டீசலுக்குக்கூடக் காணாது என்பது வேறு விஷயம்.

அடுத்து ஆடு கட்டும் போட்டி. ஓடும் குதிரையிலிருந்து குதித்து ஆட்டின் மூன்று கால்களைக் கட்ட வேண்டும். கட்டு 6 விநாடி நிற்க வேண்டும். ஆடு ஐந்தாவது விநாடியில் எழுந்து போய்விட்டது. இந்தத் தடவை அவள் அழவில்லை, சிரித்துவிட்டாள்.