வீட்டு டே கேர்: இரண்டு இடத்துக்கும் லைசென்ஸ் இருக்கிறது, எதைப் பார்த்து முடிவு செய்வது?

குட்டிமா_அம்மா:
மகளுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. இன்னும் ஆறு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பெரிய சென்டர் வேண்டாம், வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவரிடம் விடலாம் என்று முடிவு செய்து இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தோம். முதல் வீடு கண்ணாடி மாதிரி சுத்தம், பொம்மைகள் எல்லாம் வரிசையாக அடுக்கி, சுவரில் படங்கள் ஒட்டி, பார்த்தாலே மனது நிறைந்துவிட்டது. இரண்டாவது வீடு கொஞ்சம் பழசு, போன நேரத்தில் ஒரே இரைச்சல், தரையெல்லாம் கட்டைகள், ஒரு குழந்தை அழுதுகொண்டு அந்த அம்மாவின் இடுப்பிலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கிறது. "அப்புறம் என்ன யோசனை, பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிடு" என்கிறார் கணவர். பக்கத்தில் இருப்பது முதல் வீடு. எனக்கு ஏனோ மனது ஒட்டவில்லை, காரணமும் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் எதைக் கேட்டீர்கள், எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், ப்ளீஸ்.

மழைத்துளி:
தோழி, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள், அதை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். அதில் இருக்கும் முகவரி நீங்கள் போன வீடுதானா, எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை குழந்தைகள், அதில் கைக்குழந்தைகள் எத்தனை பேர் வரை என்று பாருங்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வருகிறார்களா என்றும் கேளுங்கள், பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேர் வந்துவிட்டால் மாலையில் எண்ணிக்கையே மாறிவிடும். சோதனைக்கு வந்தவர்கள் எழுதிவைத்த அறிக்கையையும் பார்க்க முடியும் என்றால் கட்டாயம் பாருங்கள். குறை எழுதியிருந்தாலே பயப்பட வேண்டாம். ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனது வேறு, குழந்தையைத் தனியாக விட்டுப்போனது வேறு.

என் மகன் முதலில் போன இடமும் லைசென்ஸ் உள்ளதுதான். ஒருநாள் ஆபீசில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், மூன்று மணிக்கே போய் நின்றேன், கதவைத் திறந்தது நான் பார்த்தே இராத ஒரு பெண். தங்கையாம். அந்த அம்மா தன் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருக்கிறார், தினமும் அந்த நேரத்தில் அப்படித்தானாம். என் மகன் பெயர்கூட அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அதனால் "நீங்கள் வெளியே போனால் யார் இருப்பார்கள், அவருக்கும் பின்னணி விசாரணை, முதலுதவிப் பயிற்சி எல்லாம் ஆகியிருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். அந்த வீட்டில் குடியிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரைப் பற்றியும் இதைக் கேட்கலாம், தப்பே இல்லை.

திண்ணைவீடு:
ஒன்பது வருடம் என் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி: அந்தச் சுத்தமான வீட்டை என்றைக்கு, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? குழந்தைகள் இருந்தார்களா?

சுவரையும் பொம்மையையும் விட்டுவிடுங்கள். எங்களுக்குக் கஷ்டமான நேரம் இரண்டு. ஒன்று, ஒரு குழந்தைக்கு ஊட்டும்போதே இன்னொன்றுக்குத் துணி மாற்ற வேண்டிய மதிய நேரம். மற்றது, சாயங்காலம் எல்லாரும் களைத்துப்போய்ச் சிணுங்கும் நேரம். அந்த நேரத்தில் அவர் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும்.

அப்புறம் தூங்கும் இடம். உங்கள் மகள் ஒரு வயதுக்குள் இருப்பதால் இதை விடவே விடாதீர்கள். தனித் தொட்டில், தொய்வில்லாத சமதளமான மெத்தை, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. தூங்கும்போது, ஊட்டும் நேரத்தில் கழுத்தில் கட்டும் பிப் துணி கூட இருக்கக் கூடாது, நான் முதலில் அவிழ்ப்பது அதைத்தான். கார் சீட்டில் தூங்கிப்போய் வந்தால் அதிலேயே விடாமல் தொட்டிலுக்கு மாற்றுகிறாரா என்று கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு, தூங்கும் குழந்தையின் சத்தத்தை வேறு அறையில் கேட்க வைக்கும் மானிட்டரை மட்டும் நம்புகிறாரா, நேரில் போய்ப் பார்க்கிறாரா என்றும் கேளுங்கள். வீட்டைச் சுற்றி வரும்போது மாடிப்படிக் கதவு, மருந்து வைக்கும் இடம், தண்ணீர் நிற்கிற வாளி, ரிமோட்டில் இருக்கும் சின்னப் பட்டன் பேட்டரிகள் இதெல்லாம் கண்ணில் படட்டும். அந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நல்லவர் என்றால் நீங்கள் கேட்பதைவிட அவர் உங்களிடம் அதிகம் கேட்பார். எப்படித் தட்டினால் தூங்குவாள், பசித்தால் எப்படி அழுவாள், எதைக் கண்டால் பயம் என்று.

இரண்டுவாண்டுகளின்_அப்பா:
எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் ஒன்றுதான் சேர்க்கிறேன். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் என்ன ஏற்பாடு, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எப்போது வந்து கூட்டிப்போக வேண்டும், மருந்து கொடுக்க உங்கள் கையெழுத்து வேண்டுமா, லீவு நாட்களுக்கும் பணம் உண்டா, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். டிவியும் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் உட்கார்ந்து திரை பார்ப்பது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு வாய்த்தவர் நல்லவர்தான், ஆனால் அவர் படுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி லீவு போட்டோம், அதை நாங்கள் யோசித்தே வைக்கவில்லை.

குட்டிமா_அம்மா:
திண்ணைவீடு அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பக்கென்றது. முதல் வீட்டைச் சனிக்கிழமை பார்த்தோம், ஒரு குழந்தைகூட இல்லை! நேற்று போன் செய்து குழந்தைகள் இருக்கும்போது வரலாமா என்று கேட்டேன், "பெற்றோர் வந்தால் பிள்ளைகள் அழும், வார நாளில் யாரையும் உள்ளே விடுவதில்லை" என்றார். சேர்த்த பிறகும் அப்படித்தானா என்றேன், வாசலில் விட்டு வாசலில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

இரண்டாவது வீட்டில் "எப்போது வேண்டுமானாலும் வாங்க, ஒரு மணியிலிருந்து மூன்று வரை மட்டும் காலிங் பெல் அடிக்காமல் போன் செய்யுங்கள், தூங்குவார்கள்" என்றார். சாயங்காலம் நாலரைக்குப் போனேன். நாலு குழந்தைகள், இரண்டு அழுகை. அந்த அம்மா தரையில் உட்கார்ந்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றின் முதுகில் கை வைத்தபடி, குரலை உயர்த்தாமல் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தை வந்து சேர்ந்து மூன்றாவது நாளாம், இன்றைக்கு அது கட்டை அடுக்கிக்கொண்டிருந்தது. தூங்கும் அறையைக் கேட்காமலே காட்டினார், தொட்டிலில் விரிப்பைத் தவிர ஒன்றுமில்லை. லைசென்ஸில் இருக்கும் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. அவர் படுத்தால் யார் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்டு எழுதி வாங்கிவிடுகிறேன்.

கணவரும் கூட வந்தார். திரும்பும் வழியில் "இருபது நிமிடம் தூரம்தான், காலையில் நான் விட்டுவிட்டுப் போகிறேன்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நானும் கூட இருந்து ஒரு மணி நேரம், அப்புறம் நான் இல்லாமல் ஒரு மணி நேரம் என்று பழக்கலாம் என்று அந்த அம்மாவே சொன்னார். பழகுவதற்கு உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை நாள் ஆயிற்று?

மழைத்துளி:
என் மகனுக்கு மூன்று வாரம். இந்த வயதில் அம்மாவை விட்டுப் பிரிய அழுவது வழக்கம்தான், இரண்டாவது வாரம் முதல் வாரத்தைவிட அதிகமாகவே அழுதான், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். சொல்லாமல் நழுவி வராமல், முத்தம் கொடுத்து, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவள் தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணி ஏதாவது இருந்தால் பகலில் கையில் வைத்துக்கொள்ளக் கொடுத்தனுப்புங்கள், தொட்டிலுக்குள் மட்டும் வேண்டாம்.