எடை கூடி வீட்டுக்குப் போன குழந்தை மறுபடி ஏன் மெலிகிறது? (லுசாகாவிலிருந்து ஒரு கேள்வி)

செம்மண் வீடு:

வணக்கம். ஜாம்பியா வந்து மூன்று வருடம் ஆகிறது. லுசாகாவில் ஒரு காம்பவுண்டில் (நெரிசலான குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நடக்கும் குழந்தைகள் ஊட்டச்சத்து மையத்துக்கு வாரம் இரண்டு நாள் உதவிக்குப் போகிறேன். நான் நர்ஸ் இல்லை. கையில் நாடா சுற்றி அளப்பது, எடை குறிப்பது, பொட்டலம் எண்ணிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

மார்ச்சில் 14 மாதப் பெண் குழந்தை ஒன்று வந்தாள். மேல்கைச் சுற்றளவு 10.9 செ.மீ. நாடாவில் 11.5-க்குக் கீழே வந்தால் சிவப்பு, அதாவது கடுமையான மெலிவு. கால் வீக்கம் இல்லை, நன்றாகச் சாப்பிட்டாள். அதனால் மருத்துவமனையில் சேர்க்காமல் நிலக்கடலைப் பசைப் பொட்டலங்களை வாராவாரம் கொடுத்து வீட்டிலேயே தேற்றினார்கள். 12.6 வந்ததும் பதிவேட்டில் 'குணம்' என்று நான்தான் எழுதினேன். அன்று அவள் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்று அழுதாள். முதல் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் வந்தவள்.

பத்து வாரம் கழித்து மறுபடி வந்தாள். 11.2.

அம்மா சரியாக ஊட்டவில்லை என்று மையத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். சோளமாவுக் கஞ்சியில் நிலக்கடலைப் பொடி கலந்து கொடுக்கிறார், கப்பெந்தா கருவாட்டை இடித்துப் போடுகிறார். இருவருக்கும் எச்ஐவி இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. அப்படியென்றால் சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது?

இன்னொன்று. நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து 60,000 குவாச்சா சேர்த்திருக்கிறோம். பாதிப் பேர் அந்தக் காம்பவுண்டில் கழிப்பறை கட்டலாம் என்கிறார்கள், பாதிப் பேர் சத்துணவு வாங்கலாம் என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைப் பெட்டி:

அந்த அம்மாவை நீங்கள் நம்பியது சரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மருந்தாளுநர். ஜிம்பாப்வேயில் க்வேரு நகரத்தில் எட்டு வருடம் இருந்தேன், கிராமத்துக் கிளினிக்குகளுக்கு மருந்து அனுப்பும் வேலை. ஷுருக்வி பக்கம் மாதம் ஒரு முறையாவது போவேன். அந்த ஷுருக்வி, சிருமன்சு மாவட்டங்களில்தான் ஷைன் என்ற பெரிய ஆய்வு நடந்தது. உங்கள் 60,000 குவாச்சா கேள்வியை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு பதில் தேடினார்கள்.

2012 கடைசியிலிருந்து 5,280 கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஊர் ஊராகப் பிரித்தார்கள். சில ஊர்களில் சுகாதார வசதி: வீட்டுக்கு ஒரு காற்றோட்டக் குழாய் வைத்த குழிக் கழிப்பறை (1970-களில் ஜிம்பாப்வேயிலேயே உருவானது, பிளேர் டாய்லெட் என்பார்கள்), கை கழுவ இரண்டு இடம், சோப்பு, தண்ணீருக்குக் குளோரின், குழந்தை மண்ணில் தவழாமல் விளையாட ஒரு தடுப்பு. சில ஊர்களில் ஆறு மாதம் முதல் 18 மாதம் வரை தினம் 20 கிராம் சத்துப்பசையும், ஊட்டும் முறை பற்றிய ஆலோசனையும். சில ஊர்களில் இரண்டும். சில ஊர்களில் வழக்கமான சேவை மட்டும்.

தடுப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அதே பகுதியில் முன்பு குழந்தைகளின் பக்கத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்து, வாயில் என்னென்ன போகிறது என்று குறித்திருந்தார்கள். மண்ணைத் தின்றார்கள். சிலர் கோழி எச்சத்தை எடுத்து வாயில் போட்டார்கள். நானும் பார்த்திருக்கிறேன். பெருக்கித் துடைத்த மாதிரி சுத்தமான முற்றம், நடுவில் குழந்தை, அதைச் சுற்றி ஐந்தாறு கோழி. அம்மா தண்ணீர் எடுத்து வருவதற்குள் குழந்தை எதை விழுங்கியது என்று யாருக்குத் தெரியும்?

முடிவு 2019-இல் வந்தது. சத்துப்பசை கிடைத்த ஊர்களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 35 சதவீதத்திலிருந்து 27 ஆகக் குறைந்தார்கள். ரத்தசோகையும் குறைந்தது. கழிப்பறை, சோப்பு, குளோரின் கிடைத்த ஊர்களில் உயரமும் கூடவில்லை, வயிற்றுப்போக்கும் குறையவில்லை. வங்காளதேசத்திலும் கென்யாவிலும் இதே போல நடந்த ஆய்வுகளிலும் கழிப்பறையும் கைகழுவலும் உயரத்தைக் கூட்டவில்லை. செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பேச்சு எழவில்லை. அந்தக் கழிப்பறைகளுக்குச் சிமெண்ட் இறங்கியதை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் நாங்கள். பிறகு மலத்தைச் சோதித்துப் பார்த்தால், சுகாதார வசதி கிடைத்த குழந்தைகளிடமும் பாக்டீரியாவும் வைரஸும் அப்படியேதான் இருந்தன. ஒட்டுண்ணிகள் மட்டும் கொஞ்சம் குறைவு. அதாவது அவ்வளவு செய்தும் அழுக்கின் அளவு போதுமான அளவுக்கு இறங்கவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் இருக்கின்றன. நாள்தோறும் கிருமி வந்துகொண்டே இருந்தால், வயிற்றுப்போக்கே இல்லாவிட்டாலும் அவை குட்டையாகித் தேய்ந்துபோகும். உறிஞ்சும் பரப்பு குறையும். சுவரில் கசிவும் வரும், கிருமியின் துணுக்குகள் ரத்தத்துக்குள் போகும். உடம்பு ஓயாமல் அவற்றோடு போராடும். ஜிம்பாப்வேயில் குட்டையாக வளர்ந்த குழந்தைகளின் ரத்தத்தில், ஆறு வார வயதிலேயே அழற்சியின் அறிகுறிகள் கூடுதலாகவும் வளர்ச்சிக்கான ஹார்மோன் குறைவாகவும் இருந்தன. ஆறு வாரத்தில்! கஞ்சி ஆரம்பிப்பதற்கும் முன்னால்.

ஒரு எச்சரிக்கை. ஷைன் பார்த்தது உயரக் குறைவை. உங்கள் குழந்தைக்கு வந்திருப்பது கடுமையான மெலிவு. இரண்டும் அக்கா தங்கை மாதிரி, ஒன்றேதான் என்று சொல்ல முடியாது.

நுண்ணோக்கி:

மாத்திரைப் பெட்டி சார் விட்ட இடத்திலிருந்து கொஞ்சம். நான் நுண்ணுயிரியல் படித்தவள். மலாவியில் நடந்த இரட்டையர் ஆய்வுதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது.

317 இரட்டையர் ஜோடிகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை கவனித்தார்கள். ஒரே வீடு, ஒரே பானை, ஒரே அம்மா. ஆனாலும் 43 சதவீத ஜோடிகளில் ஒரு குழந்தைக்கு மட்டும் கடும் ஊட்டக்குறைவு வந்தது, மற்றது நன்றாக இருந்தது. 'அம்மா சரியாக ஊட்டவில்லை' என்று சொன்னாரே உங்கள் மையத்து ஆள், அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

குவாஷியோர்கர் (உடம்பு வீங்கும் கடும் ஊட்டக்குறைவு) வந்த குழந்தையின் குடல் நுண்ணுயிர்களை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மாற்றி, மலாவி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டையே கொடுத்தார்கள். அந்த எலிகள் மெலிந்தன. நிலக்கடலைப் பசை கொடுத்தபோது குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்கள் தேறின. பசையை நிறுத்தியதும் மறுபடி பழையபடி சரிந்தன. 2013-இல் சயன்ஸ் இதழில் வந்தது. உங்கள் 12.6-உம் 11.2-உம் எனக்கு அதைத்தான் நினைவுபடுத்தின.

உங்கள் லுசாகாவிலேயே இதற்காக ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையில் பியாட்ரிஸ் அமாடி, பால் கெல்லி குழு குழந்தைகளின் குடல் திசுவையே எடுத்து ஆராய்ந்தது. மிசிசி காம்பவுண்டில் நடந்த வேலையும் அவர்களுடையது. அண்மையில் லுசாகாவிலும் ஹராரேயிலுமாக 125 குழந்தைகளிடம், உணவோடு சேர்த்துக் குடலையும் ஆற்ற முடியுமா என்று நான்கு மருந்துகளைச் சோதித்தார்கள். அதில் ஒன்று பசுவின் சீம்பால்.

செம்மண் வீடு:

இரண்டு பேருக்கும் நன்றி. இரட்டையர் விஷயத்தை இன்று காலை மையத்தில் சொன்னேன். அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அம்மாவுக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஒரு சந்தேகம். குடல் நுண்ணுயிர்தான் பிரச்சினை என்றால் நல்ல பாக்டீரியா மாத்திரை கொடுக்கலாமே? ஒரு தோழி வாங்கி அனுப்பத் தயாராக இருக்கிறார்.

நுண்ணோக்கி:

தயவுசெய்து வேண்டாம் அக்கா. மலாவியில் பிளான்டயரில் 795 குழந்தைகளிடம் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நிலக்கடலைப் பசையிலேயே நல்ல பாக்டீரியாவைக் கலந்து கொடுத்தார்கள். கலந்தவர்களில் 53.9 சதவீதம் தேறினார்கள், கலக்காதவர்களில் 51.3. வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. இவ்வளவு பலவீனமான குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் எந்தப் பாக்டீரியாவும் போகக் கூடாது. தேய்ந்த குடல் சுவரை நினைத்துப் பாருங்கள்.

கிழக்குச் சாலை:

நானும் லுசாகாதான். கழிப்பறை வேண்டாம் என்ற முடிவுக்கு எல்லோரும் போய்விடாதீர்கள். 2023 கடைசியில் காலரா வந்தபோது ஹீரோஸ் மைதானத்தையே சிகிச்சை முகாமாக மாற்ற வேண்டியிருந்தது. இந்தக் காம்பவுண்டுகளில் குழிக் கழிப்பறையும் ஆழமில்லாத கிணறும் பத்தடி தூரத்தில் இருக்கின்றன. மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மாத்திரைப் பெட்டி:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். காலராவுக்குக் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் வேண்டும். அது நகரசபை செய்ய வேண்டிய அளவு வேலை, உங்கள் பணத்தில் நாலு வீட்டுக்குக் கட்டினால் ஐந்தாவது வீட்டுக் கழிவு அதே கிணற்றுக்கு வரும்.

என்னைக் கேட்டால், மையத்திலிருந்து 'குணம்' என்று எழுதி அனுப்பிய குழந்தைகளுக்குச் செலவிடுங்கள். ஜிம்பாப்வே, ஜாம்பியா மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகளை ஒரு வருடம் பின்தொடர்ந்தபோது, வீடு திரும்பிய பிறகும் இறப்புகள் நடந்தன. எச்ஐவி உள்ளவர்களுக்கும், முழுதாகத் தேறாமலே போனவர்களுக்கும் ஆபத்து அதிகம். யாராவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய் நாடா சுற்றிப் பார்க்க வேண்டும். நாடாவில் மஞ்சள் (சிவப்புக்கு முந்தைய எச்சரிக்கை நிறம்) வந்தவுடனே திரும்ப அழைத்து வர வேண்டும், சிவப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. போகிறவருக்குச் சம்பளம், அம்மாவுக்கு மினிபஸ் கட்டணம், சின்ன அளவு சத்துப்பசை. அப்புறம் அந்தக் குழந்தைக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் குழந்தையிடம் அதைக் கட்டாயம் தேட வேண்டும்.

செம்மண் வீடு:

நேற்று எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். ஒரு வருடத்துக்கு இரண்டு பேரை வீடு வீடாக அனுப்புவதென்று முடிவு. இருவரும் அந்தக் காம்பவுண்டுப் பெண்கள், ஒருவருடைய குழந்தையும் போன வருடம் இதே மையத்தில் இருந்தது. கழிப்பறை கேட்டவர்களில் இரண்டு பேருக்கு வருத்தம்தான். நகரசபைக்கு மனு எழுத அவர்களே முன்வந்திருக்கிறார்கள்.

காசநோய்ப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை கூட்டிப்போகிறோம். பசை மறுபடி ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது. இன்று 11.4. பதிவேட்டில் 'குணம்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'அடுத்து பார்க்கும் நாள்' என்று கையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.