திருமலையிலிருந்து (திருகோணமலை) கனடாவின் ஒன்ராறியோ வந்தவர்களுக்கு: வேலையிடத்துக் கரைச்சல்

தம்பி, கூட வேலை செய்பவர் எல்லாருக்கும் முன்னால் ஏசுகிறார், முறைப்பாடு செய்தால் வேலை போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். போகவே போகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முறைப்பாடு செய்ததற்காக உங்களை நிறுத்துவதோ, மணித்தியாலத்தைக் குறைப்பதோ இங்கே சட்டத்துக்கு மாறானது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பிந்தி வந்ததைச் சுப்பவைசர் கேட்பதும், வேலைப் பிழையைச் சொல்லித் திருத்துவதும் அவருடைய கடமை. உங்கள் ஆங்கிலத்தை, நிறத்தை, சமயத்தை வைத்து நக்கலடிப்பது தொந்தரவு. எங்கள் ஆட்கள் பலர் முதலாவதற்கு ரோசப்பட்டு, இரண்டாவதை விழுங்கிக்கொண்டு இருக்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்காதது இதுதான்.

கரைச்சல் தருபவரைத் தனியாகப் பிடித்து, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேற்று எல்லாருக்கும் முன்னால் என்னை மடையன் என்றீர்கள். பிழை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், திருத்துகிறேன்." அநேகமானவர்கள் இதோடு அடங்கிவிடுவார்கள். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். எப்படியானாலும் திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு சுப்பவைசருக்கு எழுத்தில் கொடுங்கள். கரைச்சல் தருபவரே சுப்பவைசர் என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போங்கள்.

ஒன்ராறியோவின் தொழில் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்துக்குள் வேலையிடத் தொந்தரவு பற்றிய விதிகள் 2010 இல் கொண்டுவரப்பட்டன. முறைப்பாடு வந்தால் முதலாளி விசாரிக்கவேண்டும், முடிவை உங்களுக்கு எழுத்தில் தரவேண்டும் என்பது 2016 இல் சேர்ந்தது. ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. விசாரிக்காமல் இழுத்தடித்தால் மாகாணத் தொழில் அமைச்சுக்கு அறிவிக்கலாம்.

திருமலைக் கந்தோர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒன்றாக வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கைவிடாதீர்கள். பிரேக் நேரத்தில் தமிழ் ஆட்களோடு மட்டும் ஒதுங்கி இருந்தால், பிரச்சினை வரும் நாளில் உங்களுக்காகச் சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

ஏற்கெனவே லீட் (குழுவுக்குப் பொறுப்பானவர்) ஆகிவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்க்காரனுக்கு நல்ல ஷிப்டும், மற்றவனுக்குப் பாரம் தூக்குகிற வேலையும் கொடுக்காதீர்கள். பிழையைத் தனியாகச் சொல்லுங்கள், பாராட்டைப் பெயர் சொல்லிச் சபையில் சொல்லுங்கள். மேலிடம் கேள்வி கேட்டால் "என்னுடைய பொறுப்பு" என்று முன்னுக்கு நில்லுங்கள். அப்படி நிற்கிறவருக்காக ஆட்கள் தாங்களாகவே ஓவர்டைம் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

தம்பி, பெயர்களை விட்டுவிட்டு நடந்ததைத் திகதிவாரியாக இங்கே தமிழில் போடுங்கள். ஆங்கிலக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.