சங்கச் செயலாளர் பொறுப்பும் தினசரி ரிப்போர்ட்டிங்கும்: சேலத்தில் இரண்டையும் ஓட்ட முடியுமா?

ஐந்து ரோடு நிருபர்:
வணக்கம். சேலத்தில் காலை நாளிதழ் ஒன்றின் நிருபர். கலெக்டர் ஆபீஸ், மாநகராட்சி, ஜி.எச். மூன்றும் என் பீட், அதாவது நான் தினமும் செய்தி சேகரிக்கும் இடங்கள். எங்கள் பத்திரிகையாளர் சங்கத்தில் செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம். ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, ஏற்காடு என்று தாலுகா நிருபர்களும் உறுப்பினர்கள். ஆசை இருக்கிறது, நேரம்தான் இல்லை. வாரத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? நானே செய்தாக வேண்டியது எது, பிறரிடம் தள்ளக்கூடியது எது? கூட்டத்தை எந்த நாளில் வைத்தால் ஆள் வரும்?

மினிட்ஸ் நோட்டு:
முதலில் தள்ளிப்போட முடியாததைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு நடந்தாக வேண்டும். மார்ச் 31-ல் கணக்கு முடிந்தால் கெடு செப்டம்பர் 30. தணிக்கையான வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் அதே கெடுவுக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். புதிய நிர்வாகிகள் வந்தால் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7, மூன்று மாதத்துக்குள். நிர்வாகக் குழுவின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு. விதித் திருத்தம் போன்ற சிறப்புத் தீர்மானம் இருந்தால் 21 நாள் முன்னறிவிப்பும், வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். செயலாளர் கையை விட்டுப் போகக் கூடாதவை இவ்வளவுதான். மற்றதெல்லாம் பங்கு போடக்கூடியவை.

பல சங்கங்கள் சிக்கிக்கொள்வது எங்கே தெரியுமா? ஆகஸ்ட் கடைசியில்தான் ஆடிட்டரைப் பார்க்கப் போவார்கள். அப்போது அவர் வருமான வரி வேலையில் மூழ்கியிருப்பார். ரசீது புத்தகத்தையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஏப்ரல் இரண்டாம் வாரமே கொடுத்துவிட்டால் ஜூனில் கணக்கு கைக்கு வந்துவிடும். சந்தாவைச் செயலாளரின் சொந்த ஜிபேக்கு வாங்கும் பழக்கம் இருந்தால் பொறுப்பேற்ற அன்றே நிறுத்துங்கள். யார் கட்டினார், எது சங்கப் பணம், எது உங்கள் பணம் என்று பிரிப்பதிலேயே ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். சங்கக் கணக்குக்கே கியூஆர் வாங்கலாம்.

மினிட்ஸ் புத்தகம் பைண்டு போட்டு, பக்க எண் இட்டதாக இருக்கட்டும். தனித் தாளில் எழுதிப் பின்னால் ஒட்டுவது வேண்டாம். தேதி, இடம், நேரம், வந்தவர் கையெழுத்து, தீர்மான எண், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். கூட்டம் நடக்கும்போதே எழுதி, கலையும் முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது எழுதப்படவே போவதில்லை. செய்தி எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

நேரக் கணக்கு கேட்டீர்கள். சாதாரண வாரத்தில் மூன்று மணி நேரம் போதும். பொதுக்குழுவுக்கு முந்தைய மூன்று வாரமும் அடையாள அட்டை புதுப்பிப்பு வாரங்களும் அதைப் போல இரண்டு மடங்கு கேட்கும். அந்த வாரங்களில் சிறப்புக் கட்டுரை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மூணு மணி டீ:
கூட்ட நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திங்கள் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள், வாயே திறக்க வேண்டாம். மாதக் கடைசி வெள்ளி பெரும்பாலும் விவசாயிகள் குறைதீர் கூட்டம். மாலைப் பத்திரிகைக்காரர்கள் மதியத்துக்குள் பக்கம் முடித்து ஓய்வார்கள். காலைப் பத்திரிகைக்காரர்கள் நாலு மணிக்கு மேல் செய்தி அடிக்க உட்காருவார்கள். டி.வி. நிருபர்களுக்கு நேரமே கிடையாது, அவர்களை விடுங்கள். ஆக, இரு தரப்புக்கும் பொதுவாகக் கிடைக்கும் இடைவெளி மதியம் இரண்டரை முதல் நாலு வரைதான். இரண்டாம் சனிக்கிழமை என்று நிலையாக வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் 'எப்போ வசதி' என்று குரூப்பில் கேட்டு நாற்பது பதில் வாங்க வேண்டாம்.

மாதமும் பார்க்க வேண்டும். மே மாதம் ஏற்காடு கோடை விழா. ஜூன் 12 டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி, ஒரு வாரம் முன்பிருந்தே அங்கே கூட்டம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டு, உபரி நீரைத் திறக்கும் பதினாறு கண் மதகில் தண்ணீர் விட்டால் மேட்டூர் ஆட்கள் எவரும் வரமாட்டார்கள். பொதுக்குழுவுக்கு ஜூலை முதல் சனி அல்லது ஆடி கழிந்த பிறகு செப்டம்பர் முதல் சனி. இரண்டாவதை எடுத்தால் கெடுவுக்குச் சில வாரமே மிஞ்சும் என்பதை மறக்காதீர்கள். நவம்பர் 16 தேசியப் பத்திரிகை தினம் என்று விழா எடுக்கிறவர்கள் உண்டு. அது வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. புயல் வந்தால் விழா மேடையில் தலைவர் மட்டும்தான் இருப்பார்.

போனுக்கும் ஒரு நேரம் வையுங்கள். தினமும் மூன்று முதல் மூன்றரை வரை சங்க விஷயம், மற்ற நேரம் விபத்து, சாவு, ஆஸ்பத்திரி அவசரம் மட்டும். வாட்ஸ்ஆப்பில் அறிவிப்புக்கு ஒரு குரூப், அதில் அட்மின் மட்டும் பதிவிடலாம். அரட்டைக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் இன்னொன்று. அதை மியூட்டில் போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மலைப்பாதை:
ஏற்காட்டு உறுப்பினர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர்தானே என்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கணும்ங்க, கூட்டத்துக்கு வந்தால் அன்றைய நாள் போச்சு. மழைக்காலத்தில் இன்னும் மோசம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அதனால் மாதக் கூட்டத்துக்கு மலை ஆட்களைப் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பல கிராமங்களில் சிக்னல் நிற்காது. விவாதிக்கும் விஷயத்தை முந்தின நாளே நாலு வரியில் அனுப்பிவிட்டால் அவர்கள் கருத்தை மெசேஜிலாவது சொல்லிவிடுவார்கள். பொதுக்குழுவுக்கு மட்டும் நேரில் வரச் சொன்னால் போதும்.

இன்னொன்று, தாலுகாவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பத்திரிகையாளர்களுக்கான அரசு அங்கீகார அட்டை, நல வாரிய அட்டை இரண்டுக்கும் காகிதம் சேர்ப்பதுதான் செயலாளரை எழுத்தராக்கி விடுகிற வேலை. தாலுகா ஆள் தன் பகுதிக் காகிதங்களைச் சரிபார்த்து ஒரே கட்டாகக் கொடுக்கட்டும். நிறுவனக் கடிதம் சென்னையிலிருந்து வர வேண்டியதுதான் எப்போதும் தாமதமாகும், அதை முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

பழைய டெஸ்க்:
மேலே சொன்னதெல்லாம் சரி. நேரத்தை உண்மையில் விழுங்குவது ஆண்டு மலர். விளம்பரத்துக்கு ஜவுளிக்கடை, ஜவ்வரிசி ஆலை, ஆஸ்பத்திரி என்று மூன்று மாதம் அலைய வேண்டும். பிறகு அதே ஆஸ்பத்திரியில் புகார் வந்தால் எப்படி எழுதுவீர்கள்? ஜி.எச்., மாநகராட்சி உங்கள் பீட் என்கிறீர்கள், ஒப்பந்ததாரர் விளம்பரமும் வரும். மலர் வேண்டாம் என்பதைப் பொறுப்பேற்கும் முன்பே நிபந்தனையாகச் சொல்லுங்கள். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுக்கிறவர்கள் கேட்கும் உறுப்பினர் பட்டியலைச் சங்கத்தின் பெயரில் தயாரித்துக் கொடுக்கும் வேலையும் அப்படியே. வீட்டுமனை கோரிக்கை மனுவைத் தலைவர் கொண்டு போகட்டும், கலெக்டர் ஆபீஸ் பீட் பார்க்கிற நீங்கள் போகாதீர்கள்.

பீரோ சீஃபிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இது நிர்வாகத்துடன் பேரம் பேசும் தொழிற்சங்கம் அல்ல, பதிவுச் சட்டத்துச் சங்கம் என்பதை அதிலேயே தெளிவாக எழுதுங்கள். 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நாலு வாரத்துக்கு 144 மணி நேர வேலை என்றது. அந்தக் கணக்கில் ஓடிய மாவட்ட நிருபரைக் காட்டினால் மாலை போடலாம். ஆகவே வார விடுமுறை நாளைச் சங்கத்துக்குக் கொடுக்காதீர்கள், அது வீட்டுக்கு.

ஐந்து ரோடு நிருபர்:
எல்லாருக்கும் நன்றி. நிற்கலாம் என்றுதான் இருக்கிறேன், மலர் நிபந்தனையோடு. ஒரு சந்தேகம்: பொறுப்பேற்றதும் பேங்க் கையெழுத்து மாற்ற எவ்வளவு நாளாகும்?

மினிட்ஸ் நோட்டு:
காகிதம் சரியாக இருந்தால் சீக்கிரம் முடியும். நம் ஆட்களுக்கு ஒரே பிரச்சினை பெயர். மினிட்ஸில் பைலைன் பெயரை, அதாவது செய்தியோடு அச்சாகும் பெயரை, எழுதிவிடுவார்கள். ஆதாரில் வேறு, பான் கார்டில் இன்ஷியல் விரித்து வேறு. பேங்க் திருப்பி அனுப்பிவிடும், மறுபடி குழு கூட்டித் தீர்மானம் போட வேண்டும். தேர்தல் முடிந்த அன்றே மூவரின் பான் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே தீர்மானத்தை எழுதுங்கள்: "தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கணக்கை இயக்க" என்று. இருவர் என்பது முக்கியம். மூவரும் போட வேண்டும் என்று எழுதினால் ஒருவர் மேட்டூரில் மாட்டிக்கொண்ட நாளில் ஒரு செக் கூடப் போகாது. படிவம் 7-லும் அதே எழுத்தில் பெயர் இருக்கட்டும், பதிவாளர் அலுவலக முத்திரை விழுந்த நகலைத்தான் பேங்க் கேட்கும்.