மறு: மறு: பள்ளிக்கூடத்தில் வழிகாட்டி மையம் – நன்கொடை வேண்டி

அனுப்புநர்: இளங்கோ (செயலர்)

அன்புள்ள நம் சிங்கப்பூர் ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

பொதுக்குழுவில் பேசியபடி, நம் ஊர் மேல்நிலைப் பள்ளி வளாகத்தில் படிப்பு, வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம் ஒன்று கட்டிக் கொடுக்கலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஒரு கூடம், நாலு கணினி, ஒரு அலமாரி. குடும்பத்துக்கு 300 வெள்ளி எதிர்பார்க்கிறோம். ஆயிரத்துக்கு மேல் தருபவர்கள் பெயர் கல்வெட்டில் வரும். ஞாயிறு சாயங்காலம் தேக்காவில் வழக்கமான இடத்தில் கூடுவோம். ரசீதுப் புத்தகம் பாலுவிடம் இருக்கிறது.

--

அனுப்புநர்: செல்வி (உட்லண்ட்ஸ்)

தம்பி இளங்கோ, ரசீதுப் புத்தகத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிரு.

அம்மா திதிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நம்ம சங்க மலர்ல படம் போட்டு, ‘கல்வி உதவி பெற்ற மாணவர்’னு எழுதினோமே ஒரு பையன், யாருன்னு எல்லாருக்கும் தெரியும், பேரு வேணாம். அவன் இப்ப பகல்ல வெளிய வர்றதே இல்ல. கொல்லைப்பக்கம் தேங்காய் போட்டு வைக்கிற ரூம்லதான் இருக்கான். அவங்க அம்மா தட்டை வாசப்படியில வச்சிட்டு வந்துர்றாங்க. நான் போய்க் கூப்பிட்டேன். “வாங்க அத்தை”ன்னான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. கழண்டுபோன தாழ்ப்பாளை விரலால மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே நின்னான். சட்டைக் காலர்ல அழுக்கு. எவ்வளவு சுத்தமா இருக்கிற பிள்ளை அது!

எப்படி இப்படி ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 2018 நவம்பர் 16ல கஜா புயல் அடிச்சப்ப அவன் எட்டாவது. தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சுது. புதுசா வச்ச நெட்டைக் கன்னு காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரைக்கும் வீட்டுல வருமானம் கிடையாது. அப்பதான் நம்ம சங்கத்துல காசு அனுப்பி, ‘நல்லாப் படிக்கிற பையன்’னு கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்து எடுத்து மெட்ரிக்ல போட்டோம். கொரோனாவுல பத்தாவது பரீட்சையே நடக்கல, 2021ல எல்லாருக்கும் ஆல் பாஸ். பன்னிரண்டாவதுல மார்க் சுமார். கலந்தாய்வுக்கெல்லாம் அலைய வேணாம்னு ஒரு புரோக்கர் சொல்ல, மேனேஜ்மென்ட் கோட்டாவுல எஞ்சினியரிங் சேத்துட்டாங்க. கலந்தாய்வுல போயிருந்தா முதல் பட்டதாரி சலுகையாவது கிடைச்சிருக்கும். ரெண்டாம் வருஷம் ஃபீஸ் கட்ட முடியல, நின்னுட்டான்.

இப்ப அவன் தங்கச்சி கதையைக் கேளுங்க. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குச் செலவுன்னு அவளைக் கவர்மென்ட் ஸ்கூல்லயே விட்டாங்க. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சதால அவளுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீட்டுல எஞ்சினியரிங் சீட்டு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வேற. பையன்களுக்கும் 2024ல இருந்து தமிழ்ப் புதல்வன்னு அதே 1000 இருக்கு. ஆனா இவன் ஒன்பதாவதுல மெட்ரிக் போயிட்டானே, எதுலயும் வரமாட்டான். நாம காசு அனுப்பின பிள்ளை ரூமுக்குள்ள, அனுப்பாத பிள்ளை காலேஜ்ல.

சரி, ஐடிஐயாவது சேரட்டும்னா டிசி, மார்க் ஷீட்டு எல்லாம் காலேஜ்ல பிடிச்சு வச்சிருக்காங்க. பாக்கி 42,000 கட்டினாத்தான் தருவாங்களாம். அசல் சான்றிதழை வச்சுக்கக் கூடாதுன்னு யூஜிசி 2018லயே சொல்லியாச்சு. அதை மனுவா எழுதி, ஆபீஸ் வாசல்ல நின்னு கேக்க அந்த வீட்டுல யாரு இருக்கா? இதுக்கு நடுவுல ஸ்கில் டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்புறேன்னு ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கேக்கிறான். மிச்சம் இருக்கிற தோப்பை அடமானம் வைக்கப் பேச்சு நடக்குது.

நான் அங்க இருந்தப்பவே 14416க்குப் போன் போட்டு அவன் கையில கொடுத்தேன். டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், தமிழ்லயே பேசுறாங்க, காசு கிடையாது. கொஞ்ச நேரம் பேசினான். ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாக்கச் சொன்னாங்க. “பைத்தியம்னு பேர் கட்டிருவாங்க, தங்கச்சிக்கு வரன் வராது”ன்னு அவங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை.

கூடம் கட்டினா இவன் அங்க வந்து உக்காருவானா? எனக்குத் தெரிஞ்சு ஊர்ல இப்படி இன்னும் மூணு நாலு பேர் இருக்காங்க. எனக்குக் கட்டடம் வேணாம். மாசச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போடுங்க. வீடு வீடாப் போகணும், ஃபாரம் நிரப்பணும், பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறி கூடவே போகணும். நம்ம ஊர்லயே பி.எட். முடிச்சிட்டு வீட்டுல இருக்கிற பொண்ணுங்க இருக்காங்க.

--

அனுப்புநர்: ராமையா (பிடோக்)

இளங்கோவுக்கு,

முதலில் கஜா கணக்கு. தென்னங்கன்றுக்கு வசூலித்ததில் மீதி எவ்வளவு, அது எந்த வங்கியில் இருக்கிறது என்று நான் பொருளாளர் பதவியை விட்ட நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை. அதற்குள் அடுத்த வசூலா?

இரண்டாவது, பணம் எந்த வழியில் போகும்? நம்மில் பாதிப்பேருக்கு மேல் சிவப்புப் பாஸ்போர்ட். சிங்கப்பூர்க் குடிமகன் தரும் பணம், அவன் தமிழனே ஆனாலும், இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. ஊர் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு கிடையாது. பதிவு வேண்டுமானால் அறக்கட்டளைக்கு மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். அதன் பிறகும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். “உண்டியல்ல போட்டா போச்சு” என்று, வங்கி இல்லாமல் கள்ள வழியில் பணம் அனுப்புவதைப் பாலு சொல்வது என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சே கூடாது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆகவே அவர்கள் ஊருக்கு அனுப்பட்டும். மற்றவர்கள் இங்கே பிள்ளைகளுக்குச் செலவழிக்கட்டும்.

செல்வி சொல்லும் மாதச் சம்பள யோசனை எனக்குச் சம்மதம், ஏனென்றால் கணக்குப் பார்க்க எளிது. ஒரே அடியாக 300 கேட்காதீர்கள். சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நம் சம்பளத்தில் மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை வருமானத்துக்குத் தக்கபடி பிடிக்கிறார்கள், யாருக்காவது வலிக்கிறதா? அதேபோல் வைக்கலாம். ஆனால் மாதா மாதம் வரவு செலவு இந்த மடலில் வர வேண்டும்.

--

அனுப்புநர்: சிங்காரம் (தெம்பனிஸ்)

அன்பு மகள் செல்விக்கு,

ஒரு வீட்டுச் சங்கதியை ஊரே படிக்கும் மடலில் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. பேர் போடவில்லையே தவிர எல்லாம் போட்டுவிட்டாய். அந்தப் பையனின் தாத்தா என் தகப்பனாருடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து, நம் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடப் பணம் அனுப்பியவர்கள் அவர்கள். மழைக்கு ஒழுகாமல் நாம் உட்கார்ந்து படித்தது அந்தக் காசில். இன்று பக்கத்து ஊர்ச் சங்கம் நுழைவாயில் கட்டிவிட்டது. நம் பள்ளி வாசலில் என்ன இருக்கிறது? கட்டடம் நின்றால் நாலு தலைமுறை பேசும். சம்பளம் கொடுத்தால் அடுத்த மாதம் மறந்துபோகும்.

மெட்ரிக் பள்ளியில் சேர்த்ததைக் குறை சொல்வதும் சரியில்லை. அந்தத் தீர்மானம் போட்டபோது கைதட்டியவர்களில் நீயும் ஒருத்தி.

--

அனுப்புநர்: கண்ணன் (பெர்த்)

ரஜூலான்னதும் ஞாபகம் வந்தது. எங்க ஆயா வீட்டுப் பரண்ல அந்தக் கப்பல்ல வந்த தகர டிரங்குப் பெட்டி இன்னும் இருக்கு, உள்ளே திறந்தா கற்பூர வாசம். பள்ளிக்கூடத்துப் புளியமரம் கஜாவுல விழுந்ததா இல்லையா? யாராவது படம் எடுத்திருந்தா போடுங்க. பணம் எவ்வளவுன்னு முடிவானதும் சொல்லுங்க, நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

--

அனுப்புநர்: மணி (சுவா சூ காங்)

பெரியப்பா, நாலு தலைமுறைப் பெருமையைப் பத்தி எழுதியிருக்கீங்க. பொங்கல் விருந்துல என் மூத்தவன் ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்துல சேர்ந்திருக்கான்னு சொன்னப்ப, “அதோட முடிஞ்சதுன்னு வச்சுக்க”ன்னு பந்தியில எல்லாரும் கேக்கச் சொன்னது யாரு? பக்கத்து இலையில அவன் உக்காந்திருந்தான். பாயசம் வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டான். அதுக்கப்புறம் சங்கத்துப் பக்கமே வர்றதில்ல. நான் வந்துக்கிட்டுத்தான் இருக்கேன், வெட்கம் கெட்டவன்.

அவன் இப்ப பாலிடெக்னிக். ஐடிஇ முடிச்சு டிப்ளமாவுக்குப் போற முப்பது வயசுக்குள்ள இருக்கிற சிங்கப்பூர்ப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் கல்விக் கணக்குல 5000 வெள்ளி போடுது, டிப்ளமா வாங்கிட்டா மத்திய சேம நிதியில இன்னும் 10,000. முடிஞ்சு போறவனுக்கு எவனாவது இவ்வளவு கொடுப்பானா? உயர்நிலைப் பள்ளியில மார்க்கைப் பாத்து எக்ஸ்பிரஸ், நார்மல்னு பிரிச்சு வச்சதையே 2024ல இருந்து எடுத்துட்டாங்க. நம்ம ஆளுங்க மனசுல மட்டும் அது அப்படியே இருக்கு.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். எனக்கு வேலை போயிருந்த சமயத்துல சங்கத்துல ஒருத்தரும் போன் பண்ணல. செல்வி அக்காதான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய் சிண்டா டியூஷன்ல சேத்துவிட்டது. ஃபாரத்தை என் சமையக்கட்டு மேசையில உக்காந்து நிரப்புனாங்க. அதனால அவங்க ‘ஒரு ஆள் போடுங்க’ன்னா அது என்ன வேலைன்னு எனக்குத் தெரியும். மாசம் 20 வெள்ளி எழுதிக்குங்க. கல்வெட்டுக்குன்னா ஒரு காசு கிடையாது.

அந்தப் பையனை மட்டும் ஏஜென்ட் கையில விட்டுறாதீங்க. இங்க இருக்கிற ஏஜென்சி, வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம், அதிகபட்சம் ரெண்டு மாசம், அதுக்கு மேல வாங்கக் கூடாது. அந்த 3 லட்சம் எல்லாம் ஊர்ல இருக்கிறவன் பாக்கெட்டுக்குத்தான் போகுது. தோப்பை வச்சு வந்த பையன்களை எங்க சைட்டுல தினம் பாக்கிறேன். முதல் வருஷம் பூரா கடனுக்குத்தான் உழைப்பாங்க. ஏற்கெனவே மனசு சரியில்லாத பிள்ளை டார்மிட்டரியில வந்து தனியா என்ன பண்ணுவான்?

--

அனுப்புநர்: செல்வி (உட்லண்ட்ஸ்)

பெரியப்பா, நான் கைதட்டினேனா இல்லையான்னு ஞாயித்துக்கிழமை பேசலாம். பேர் போடாம எழுதினதுக்கே உங்களுக்குக் கோபம். ஆனா அந்தம்மா அழுதுகிட்டே சொன்னது, “சங்கத்துல சொல்லு தாயி”ன்னுதான்.

மணி, மூத்தவனை ஊர்ப் பையன்கிட்ட ஒரு தடவை வீடியோவுல பேசச் சொல்றியா? புத்திமதி எதுவும் வேணாம். பைக், கிரிக்கெட்னு எதையாவது பேசட்டும். நம்பர் தனியா அனுப்புறேன்.

--

அனுப்புநர்: சிங்காரம் (தெம்பனிஸ்)

மணி, பந்தியில் சொன்னதை நீ இத்தனை நாள் சுமந்திருக்க வேண்டாம். விளையாட்டாகச் சொன்னது.

அந்தக் கல்லூரித் தாளாளர் எங்கள் இரண்டாவது சம்பந்தி வகையில் சொந்தம். திங்கட்கிழமை போன் செய்கிறேன். கல்வெட்டு விஷயத்தை நான் விடுவதாக இல்லை.

--

அனுப்புநர்: ராமையா (பிடோக்)

பாக்கித் தொகையில் சங்கப் பணம் ஒரு ரூபாய் சேரக் கூடாது. சேர்ந்தால் எந்தத் தலைப்பில் எழுதுவது? கண்ணன் உட்பட இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பெயரை எனக்கு அனுப்பவும். இளங்கோ, கஜா பாஸ்புத்தகத்தைக் கூட்டத்துக்குக் கொண்டு வா.

--

அனுப்புநர்: செல்வி (உட்லண்ட்ஸ்)

சிங்காரம் பெரியப்பா, தாளாளர் உங்க சொந்தம்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னிருப்பேனே! வாய்வார்த்தையா விட்டுறாதீங்க. பாக்கி இல்லைன்னு எழுத்துல வாங்குங்க. டிசி, பத்தாவது மார்க் ஷீட்டு, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், நாலும் அசல். வாங்கப் போறப்ப அவன் தங்கச்சியையும் கூட அனுப்பச் சொல்றேன், அவ விவரமானவ.