சாப்பாட்டுச் செலவு ரெக்ரஷன்: பி மதிப்பு 0.000 வந்தும் கைடு ஒத்துக்கொள்ளவில்லை

கீழவீதி:
எம்.ஏ. ஆய்வேட்டுக்காகத் திருவாரூர் பக்கம் 6 ஊர்களில், ஊருக்கு 20 வீடு வீதம் செலவுக் கணக்கு எடுத்தேன். மொத்தச் செலவின் லாக் மீது உணவுச் செலவின் லாக்கை ரெக்ரஷன் போட்டதில் கெழு 0.72 (மொத்தச் செலவு 1 சதவீதம் கூடினால் உணவுச் செலவு சுமார் 0.72 சதவீதம் கூடுகிறது), அதன் திட்டப்பிழை 0.04, டி மதிப்பு (கெழு / திட்டப்பிழை) 18. இது தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும் பி மதிப்பு 0.000. "எங்கெல் விதி உறுதியாகிறது" என்று எழுதியிருந்தேன். கைடு சிவப்பு மையில் "எதைச் சோதித்தாய்?" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். என்ன தப்பு?

களப்பணி62:
அந்த 18 யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில், தம்பி. மென்பொருள் தானாகச் சோதிப்பது கெழு 0 தானா என்பதை. கையில் காசு கூடினால் சாப்பாட்டுச் செலவும் கொஞ்சம் கூடும் என்பது மளிகைக்கடைக்காரருக்கே தெரியும். எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பக் கணக்குகளை வைத்துச் சொன்னது வேறு: வசதி ஏற ஏற உணவின் பங்கு குறையும். லாக்-லாக்கில் அப்படியென்றால் கெழு 1க்குக் கீழே. ஆகவே இன்மைக் கருதுகோள், அதாவது நீ சோதித்து மறுக்க வேண்டியது, கெழு = 1. (0.72 − 1) / 0.04 = −7.

கீழவீதி:
அப்பாடா. −7 என்றால் விதி நின்றுவிட்டது!

மீன்சுருட்டி:
அவசரப்படாதீங்க. ஒரே ஊரின் 20 வீடுகளுக்கும் ஒரே சந்தை, ஒரே அறுவடை. 120 தனித்தனிச் சாட்சிகள் இல்லை அவை. ஒரே ஊர் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கணக்கில் எடுக்கும் குழுத் திட்டப்பிழையை ஊர்வாரியாகப் போட்டுப் பாருங்கள்.

கீழவீதி:
போட்டேன், 0.11. டி −2.55க்கு இறங்கிவிட்டது.

மீன்சுருட்டி:
6 குழு என்றால் சுதந்திரப் படி (டி எல்லையைத் தீர்மானிக்கும் எண்) 5 தான். குறியை விட்டுவிட்டு டி தாண்ட வேண்டிய 5 சதவீத எல்லை இருபக்கச் சோதனையில் 2.57, ஒருபக்கத்தில் 2.02. எங்கெல் சொன்னதே ஒருபக்கம் என்பதால் ஒருபக்கச் சோதனை நியாயம்தான். ஆனால் −2.55ஐப் பார்த்த பிறகு மாற்றினால் வைவா அன்று கேட்பார்கள். எப்படியும் 6 குழு ரொம்பக் குறைவு. குழு குறைவாக இருக்கும்போது கணினியில் திரும்பத் திரும்ப மாதிரி உருவாக்கிச் சோதிக்கும் வைல்டு பூட்ஸ்ட்ராப்பும் போட்டு வையுங்கள்.

களப்பணி62:
அதெல்லாம் சரி, ரேஷன் அரிசிக்கு என்ன போட்டாய்?

கீழவீதி:
காசு கொடுக்கவில்லையே சார், 0.

களப்பணி62:
நினைத்தேன். 2011 ஜூனிலிருந்து இங்கே ரேஷன் அரிசி இலவசம். ஏழை வீட்டுச் சோற்றைத்தான் உன் கணக்கு அதிகமாக மறைக்கிறது, கெழுவும் அதனால் மேலே தள்ளப்படுகிறது. 2022-23 மத்திய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில்கூட இலவசப் பொருட்களுக்கு மதிப்புப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என இரண்டு கணக்கு வெளியிட்டார்கள். எத்தனை கிலோ வாங்கினார்கள் என்றாவது கேட்டு வைத்தாயா?

கீழவீதி:
கேட்டேன் சார், படிவத்தின் ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறேன். 120ஐயும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.